யாருடைய நிதானம்?

நெடுந்தூர ஓட்டம் பழக வருகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை, மெதுவாக ஓடு என்பதுதான். மாரத்தானுக்குத் தயாராகும் நான்கு மாதங்களிலும் அது திரும்பத் திரும்பக் காதில் விழும். ஆண்களுக்கு இந்த அறிவுரை புதிது. முந்து, விடாதே, ஜெயித்து வா என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பெண்களுக்கோ இது பழகிப்போன சொல். மெதுவாக நட, மெதுவாகப் பேசு, சத்தமாகச் சிரிக்காதே, குதிக்காதே என்று வயதுக்கு வந்த நாளிலிருந்து கேட்டு வருகிறோம். இதையெல்லாம் மீறி ஓடுவதற்கென்று வீட்டைவிட்டு வெளியே வந்தால் அங்கேயும் அதே சொல் எதிரில் வந்து நிற்கிறது. ஒரு பெண் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இது விளையாட்டுக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அறம் சார்ந்த ஒரு பழைய கேள்விதான். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது நல்ல குணம் என்று எல்லா மரபுகளும் சொல்கின்றன. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அது ஆண், பெண் என்று பிரித்துப் பேசவில்லை. ஆனால் நடைமுறையில் ‘அடக்க ஒடுக்கமான பையன்’ என்று யாரும் தேடிப் போவதில்லை, அடக்க ஒடுக்கமான பெண்ணைத்தான் தேடுகிறார்கள். ஒரு நல்ல குணம் ஒரு பாலினத்துக்கு மட்டும் கடமையாக விதிக்கப்படும்போது அதைச் சந்தேகத்தோடு பார்க்கப் பெண்ணியம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதை அப்படியே ஓட்டப் பயிற்சிக்குக் கொண்டுபோனால் 30ஆவது கிலோமீட்டரில் கால்கள் நின்றுவிடும். அங்கே கட்டுப்பாடு நிஜமாகவே தேவைப்படுகிறது.

ஆக, நம்மேல் சுமத்தப்பட்ட அடக்கத்துக்கும் நாமே தேர்ந்துகொள்ளும் நிதானத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெதுவாகப் போகிற ஒரு பெண். அவ்வளவுதான். வேறுபாட்டை எங்கே தேடுவது?

*

முதலில் இந்த மெதுவின் கணக்கைப் பார்த்துவிடலாம். பேஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தை. மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். அதை 5 மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஏறக்குறைய 7 நிமிடம் 6 விநாடியில் கடக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் நீண்ட பயிற்சி ஓட்டத்தை அந்த வேகத்தில்கூட ஓடச் சொல்வதில்லை. கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. அந்தச் சேமிப்புக்கு எல்லை உண்டு. கொழுப்பின் கையிருப்போ ஒல்லியான உடம்பிலும் ஏராளம். வேகமாக ஓடும்போது உடம்பு மாவுச்சத்தை அதிகம் செலவழிக்கும். மெதுவாக ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடும். ஆரம்பத்தில் வேகமாகப் போனவருக்கு 30, 32 கிலோமீட்டர் வாக்கில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவர்’ என்பார்கள். கால் கனக்கும், புத்தி மங்கும், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை போவதே பெரும்பாடாகிவிடும். வாரக்கணக்கில் நிதானமாக ஓடிப் பழகினால் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், கொழுப்பைப் பயன்படுத்தும் திறன் வளரும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. அவற்றுக்கு அவகாசம் கொடுப்பதும் இந்த மெதுவின் வேலை.

சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எங்கள் குழுவுக்குப் பயிற்சி தரும் இளைஞர், கொஞ்சம் வேகமெடுப்பவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் வந்து, “அக்கா, காலைல என்ன சமைச்சுட்டு வந்தீங்க? சொல்லுங்க பாப்போம்” என்பார். சாம்பாரை முழுதாகத் தாளித்து இறக்கும்வரை மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். (அவர் ஏன் எப்போதும் சமையலைப் பற்றியே கேட்கிறார் என்று ஒருநாள் ஒரு தோழி திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து சினிமாக் கதை கேட்கிறார்.)

பேச முடிகிற வேகமே சரியான வேகம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நமக்குச் சொல்லப்பட்ட அடக்கம் பேச்சைக் குறைக்கச் சொன்னது. இந்த நிதானத்துக்கோ பேச்சுதான் அளவுகோல். முதல் வேறுபாடு இங்கேதான் தெரியத் தொடங்குகிறது. அடக்கத்தின் அளவுகோல் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. தெருவில் நிற்பவர், எதிர்வீட்டு ஜன்னல், உறவினர் வாய் ஆகியவைதான் நான் போதுமான அளவு மெதுவாக இருக்கிறேனா என்று தீர்ப்புச் சொல்கின்றன. நிதானத்தின் அளவுகோல் என் மூச்சு. நான் சரிபார்த்துக்கொள்ளலாம், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் அக்டோபர் மாதப் புழுக்கத்தில் ஓடும் வேகமும் டிசம்பர் விடியலில் ஓடும் வேகமும் ஒன்றாக இருக்க முடியாது. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் உடல் வெப்பம் சிறிது கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். இதையெல்லாம் உள்ளிருந்து ஒருத்தி மட்டுமே அறிய முடியும்.

இதை வைத்து இன்னொன்றையும் பார்க்கலாம். ஓடும் பெண்கள் கட்டியிருக்கும் கைக்கடிகாரங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தைப் பதிந்து வைக்கும். என் கடிகாரத்தில் ஒருநாள் 18 கிலோமீட்டர் ஓட்டத்தில் நான்காவது கிலோமீட்டர் மற்றவற்றைவிட ஒரு நிமிடம் வேகமாகப் பதிவாகியிருந்தது. இருட்டில் ஒரு இருசக்கர வாகனம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே வந்த கிலோமீட்டர் அது. கடிகாரம் அதற்குக் கோப்பை படம் போட்டுப் பாராட்டியது. அன்றைய மிக வேகமான கிலோமீட்டராம். அந்த வேகம் என்னுடையதா? மெதுவாகப் போகச் சொல்லும் ஊர்தான் ஓட ஓட விரட்டவும் செய்கிறது. மெதுவோ வேகமோ, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்காமல் அதன் அறத்தைப் பேச முடியாது.

*

இரண்டாவது வேறுபாடு, மிச்சம் பிடித்தது யாருக்குப் போகிறது என்பது. பயிற்சியாளர் மெதுவாக ஓடச் சொல்வது, அந்தச் சக்தி அதே பெண்ணுக்குப் பிறகு தேவைப்படும் என்பதால்தான். முதல் 30 கிலோமீட்டரில் சேமித்ததை அவள் கடைசி 12 கிலோமீட்டரில் செலவழிப்பாள். 2003ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் பவுலா ராட்க்ளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 68 நிமிடம் 2 விநாடி. இரண்டாம் பாதிக்கு 67 நிமிடம் 23 விநாடி. களைத்த கால்களோடு ஓடிய பாதிதான் வேகமான பாதி. நிதானத்தின் நோக்கம் இப்படியொரு இரண்டாம் பாதி.

அடக்கத்துக்கு இரண்டாம் பாதி கிடையாது. படிக்கும்போது அடக்கமாக இரு, கல்யாணம் ஆகட்டும். கல்யாணமானதும், குழந்தை பிறக்கட்டும். பிறகு குழந்தை வளரட்டும். பிறகு, இந்த வயதில் என்ன வேண்டிக்கிடக்கிறது? சேமிக்கச் சொன்னவர்கள் செலவழிக்கும் நாளைச் சொல்வதே இல்லை. சேமித்ததும் அவள் கைக்கு வருவதில்லை, கணவனின் முன்னேற்றத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டின் அமைதிக்கும் போய்விடுகிறது. அதைத் தியாகம் என்று பாராட்டுவார்கள். ஓட்டத்தில் யாரும் அதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. முடிவுக்கோட்டைத் தாண்டியபின் தெம்பு மிஞ்சியிருந்தால், அந்தத் தெம்பை ஓட்டத்துக்குள் செலவழித்திருக்கலாமே என்றுதான் பயிற்சியாளர் சொல்வார்.

எங்கள் குழுவில் சேரும் பெண்களில் பலருக்கு மெதுவாக ஓடக் கற்றுத்தர வேண்டியிருப்பதில்லை. கடைசி 5 கிலோமீட்டரில் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்றால், ‘வீட்டுக்குப் போய் வேலை இருக்கே’ என்று கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டே ஓடுவார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் இப்படித்தான். நீண்ட ஓட்டத்தின் விதி, பசிப்பதற்கு முன்னால் சாப்பிடு என்பது. கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ, எதுவாகவும் இருக்கலாம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகிய ஒருத்திக்கு வீடு தூங்கும்போது தான் முதலில் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. திருட்டுத்தனம் செய்வதுபோல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவருக்கு வயது 52. நிதானத்தைக் கற்பது என்றால் சேமிக்கவும், பிறகு தனக்கென்று தயங்காமல் செலவழிக்கவும் கற்பது. நமக்கு முதல் பாதி நன்றாகவே தெரியும்.

*

மூன்றாவது வேறுபாடு கொஞ்சம் சிக்கலானது. தவறு செய்யும் உரிமை பற்றியது.

பேஸை யாரும் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்வதில்லை. வேகமாகத் தொடங்கிப் பாதியில் துவண்டு, அடுத்த வாரம் அளவுக்கு மீறி மெதுவாகப் போய், அதற்கடுத்த வாரம் நடுவில் ஓரிடத்தைக் கண்டுபிடித்துத்தான் எல்லோரும் கற்கிறார்கள். தவறிப் பார்க்க இடமில்லாதவர்களால் இதைக் கற்கவே முடியாது. பெண்களுக்கு அந்த இடம் வெகுகாலம் மறுக்கப்பட்டிருந்தது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய 9 பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்தபின் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். 800 மீட்டரை முழு மூச்சாக ஓடிய யாரும் செய்யக்கூடியதுதான் அது. பத்திரிகைகளோ பெண்கள் கொத்துக்கொத்தாக விழுந்து கிடந்ததாக எழுதின. 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்கள் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லாமல் போயின. 800 மீட்டர் திரும்பி வந்தது 1960இல், ரோமில். சில பெண்களின் ஐந்து நிமிடக் களைப்புக்கு உலகத்துப் பெண்கள் எல்லோரும் கொடுத்த விலை 32 ஆண்டுகள்.

இந்தப் பாரம் அதன்பின் ஓடிய பெண்களின் வேகத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. 1966இல் பாபி கிப் என்ற இளம்பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடலால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மறுத்துப் பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் சேர்ந்துகொண்டு 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். தான் நடுவழியில் விழுந்தால் அது பெண்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிடும் என்ற பொறுப்பு அந்த ஓட்டம் முழுக்க மனதில் இருந்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். கூட ஓடிய ஆண்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்க முடியாது. ஓர் ஆண் விழுந்தால் விழுந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் கிடைத்தது 1984இல், லாஸ் ஏஞ்சலீஸில். அந்த ஒரே ஓட்டத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இந்தக் கேள்விக்கு முக்கியமானவை. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தாண்டியதும் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் கூட்டத்தைவிட்டு விலகி முன்னே போனார். நிதானம் பற்றிய எல்லாப் பாடங்களும் செய்யாதே என்று சொல்லும் காரியம் அது. அந்த வெயிலில் அவர் தளர்ந்துவிடுவார் என்று எண்ணி மற்றவர்கள் பின்தொடரவில்லை. அவர் தளரவில்லை; 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வென்றார். நிதானம் என்பது எப்போதும் பின்தங்கியிருப்பது என்று புரிந்துகொண்டால் பெனாய்ட் நிதானமற்றவர். தன் உடலின் கணக்கைத் தானே அறிந்து முடிவெடுப்பதுதான் நிதானம் என்றால் அன்று அவரைவிட நிதானமாக ஓடியவர் இல்லை.

அதே ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் கப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் நிலைகுலைந்த உடலோடு அரங்கத்துக்குள் வந்தார். கடைசி 400 மீட்டருக்கு அவருக்கு 5 நிமிடங்களுக்கு மேலாயிற்று. மருத்துவர்கள் அருகிலேயே நடந்துவந்தார்கள். அவர் உடலில் இன்னும் வியர்வை சுரப்பதைப் பார்த்து அவரைத் தொடாமல் விட்டார்கள். தொட்டிருந்தால் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டிருப்பார். 37ஆவதாக முடித்தார். அவரை நிறுத்தியிருக்க வேண்டாமா என்ற கேள்வி இன்றும் நேர்மையான கேள்விதான். உயிருக்கு ஆபத்து இருந்திருந்தால் நிறுத்தத்தான் வேண்டும், ஆணாக இருந்தாலும். என் கவனத்தில் நிற்பது வேறொன்று. 1928இல் சிலர் சாய்ந்ததைக் காட்டிப் பெண்களின் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். 1984இல் ஒருத்தி தள்ளாடியதைக் காட்டி மாரத்தானை நிறுத்த முடியவில்லை. அவர் களைப்பு அவருடையதாக மட்டுமே இருந்தது.

சமத்துவத்துக்கு நான் அறிந்த தெளிவான அடையாளங்களில் இது ஒன்று. ஒருத்தியின் தோல்வி அவளுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். வகுப்பில் ஒரு மாணவி கணக்கில் தவறினால், ஒரு பெண் ஓட்டுநர் வண்டியை இடித்தால், ஒரு பெண் மேலாளர் தப்பாக முடிவெடுத்தால், ‘பொம்பளைங்களே இப்படித்தான்’ என்ற வாக்கியம் தயாராக நிற்கிறது. அந்த வாக்கியத்துக்குப் பயந்து எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் தேவைக்கு மேல் மெதுவாக இருக்கும். அதை நிதானம் என்று சொல்ல முடியாது.

*

இங்கே ஒரு மறுப்பு வரலாம். பெண்களுக்கு நிதானம் இயல்பாகவே வருகிறதே, அதில் என்ன குறை? இதற்கு ஆதாரமும் காட்டலாம். அமெரிக்காவின் 14 மாரத்தான்களில் 91,000க்கும் மேற்பட்ட ஓட்ட முடிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 விழுக்காடும் பெண்களின் வேகம் 11.7 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. சீராக ஓடுவதில் பெண்கள் முந்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் மகிழ்ச்சி வரும். ஆனால் அந்த மகிழ்ச்சியை ‘பொறுமை பெண்ணின் இயற்கை’ என்ற பழைய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடக் கூடாது. இந்த வேறுபாட்டுக்கு உடல் சார்ந்த காரணம் இருக்கலாம். ஓடும்போது கொழுப்பைப் பயன்படுத்தும் விகிதம் பெண்களில் சற்று அதிகம். முடிவெடுக்கும் விதமும் காரணமாக இருக்கலாம். தன் திறமையைக் கூடுதலாக மதிப்பிட்டு வேகமாகத் தொடங்குபவர்களில் ஆண்கள் அதிகம். அப்படி மதிப்பிட ஆண்களையும், குறைத்து மதிப்பிடப் பெண்களையும் வளர்த்தது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்களிடம் எப்போதுமே கவனமாக இருக்க வேண்டும். நீண்ட ஓட்டம் பெண்ணின் இயற்கைக்கு ஆகாது என்று 1928க்குப் பிறகு சொன்னார்கள். எர்ன்ஸ்ட் ஃபான் ஆகன் என்ற ஜெர்மானிய மருத்துவர், நீண்ட ஓட்டம்தான் பெண்ணின் இயற்கைக்கு ஏற்றது என்று வாதிட்டார். மெதுவான நெடுந்தூரப் பயிற்சியைப் பரப்பியவரும் அவர்தான். அவர் முயற்சியில் 1973இல் வால்ட்நீல் என்ற சிற்றூரில் பெண்களுக்கு மட்டுமான மாரத்தான் நடந்தது. அவர் நம் பக்கம் நின்றார், அதற்கு நன்றி. ஆனாலும் ஓடுவதற்கான உரிமை நம் இயற்கை எப்படிப்பட்டது என்ற தீர்ப்பைச் சார்ந்திருக்கக் கூடாது. வேகமாகத் தொடங்கி 30ஆவது கிலோமீட்டரில் துவளும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

*

பேஸைப் பற்றி எழுதுகிற புத்தகங்கள் ஒன்றைச் சொல்வதில்லை: மெதுவாக ஓடுவதற்கு நேரம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடியில் ஓடுபவருக்கு 30 கிலோமீட்டர் பயிற்சி 2 மணி 45 நிமிடத்தில் முடிந்துவிடும். 8 நிமிடத்தில் ஓடுபவருக்கு 4 மணி நேரம். 7 மணிக்கு வீட்டில் நிற்க வேண்டிய பெண் 3 மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். 3 மணித் தெரு யாருடையது என்று நமக்குத் தெரியும். ஆகவே வெளிச்சமுள்ள ஒரே தெருவைப் பதினைந்து முறை சுற்றுகிறோம். கடைசிச் சுற்றுகளை வேகமாக ஓடுகிறோம். இட்லி ஊற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்பதைத் தவிர அந்த வேகத்துக்குக் காரணம் எதுவும் இல்லை.

2019ஆம் ஆண்டு இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம்; அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட ஓட்டத்துக்கான நேரம் கிடக்கிறது. தன் பேஸைத் தானே தீர்மானிப்பது என்று எழுதுவது எளிது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் காலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை வீட்டில் பேசியாக வேண்டும்.

உடம்பும் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது என்று வருகிற பெண்ணிடம் இன்னும் மெதுவாக ஓடச் சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல வேண்டும். அவள் தட்டில் என்ன விழுந்தது என்ற வரலாறு அவள் பேஸுக்குள் இருக்கிறது.

ஓட்டம் என்பதே வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குதானே என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கும், ஆடை ஆலையில் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட்டில் தைக்கும் பெண்ணுக்கும் தாங்குதிறனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாதது வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. ஓட்டப் பயிற்சியில் நாங்கள் கற்கும் நிதானமும் அந்த நாற்காலியும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள் என்று நினைக்கிறேன். ஒரு பெண் தன் உடம்பின் களைப்பைத் தானே அளந்து, அதன்படி நடந்துகொள்வதற்கான உரிமை அது. அது ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்களுக்கு மட்டும் கிடைத்தால் போதாது.

*

‘தன் வேகம்’ என்று சொல்லும்போது ஒருத்தி தனியாக ஓடும் சித்திரம் மனதில் வருகிறது. நடைமுறையில் அப்படி இல்லை. மாரத்தான்களில் பேசர் என்று ஒருவர் முடிவு நேரத்தை எழுதிய கொடியைத் தாங்கிச் சீரான வேகத்தில் ஓடுவார். அந்த நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் அவரைச் சுற்றி ஒரு கூட்டமாக ஓடுவார்கள். அதற்கு பஸ் என்று பெயர். ஏறலாம், இறங்கலாம்.

பெண்கள் விஷயத்தில் இந்தத் துணைகூட ஒருமுறை பிரச்சினையாக்கப்பட்டது. ராட்க்ளிஃபின் 2003 சாதனை ஓட்டத்தில் ஆண்கள் உடன் ஓடினார்கள். 2011இல் சர்வதேசத் தடகள அமைப்பு, ஆண்களோடு கலந்து ஓடிய பெண்களின் நேரங்கள் இனிமேல் உலக சாதனையாகாது என்று அறிவித்தது. ஆண்களின் சாதனை ஓட்டங்களில் பேசர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள், பெண்களுக்கோ ஆண்கள் கடைசிவரை வேகம் பிடித்துத் தர முடியும் என்பது வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த 42 கிலோமீட்டரையும் ராட்க்ளிஃபின் கால்கள்தான் ஓடின. எதிர்ப்புக்குப் பிறகு அவர் சாதனை நிலைத்தது. கலப்பு ஓட்டத்துக்கும் பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டத்துக்கும் தனித்தனிச் சாதனைகள் வந்தன.

பிறர் துணையோடு எட்டியதைத் தன்னுடையது என்று சொல்லப் பெண்களுக்குத் தயக்கம் அதிகம். தேவையில்லாத தயக்கம். இன்னொருவர் வேகத்தைக் கடன் வாங்குவதால் சுயாதீனம் குறைந்துவிடாது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பது என் கையில் இருந்தால் போதும். முதல் 25 கிலோமீட்டர் ஒரு தோழியோடு ஓடிவிட்டு, “நீ போ, நான் வர்றேன்” என்று அவளை அனுப்பிவைப்பதும், “நான் கொஞ்சம் முன்னாடி போறேன்டி” என்று தானே கிளம்புவதும் நட்புக்குள் நடக்கும் சாதாரண விஷயங்கள். வீட்டுக்குள் இந்த இரண்டு வாக்கியங்களையும் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஆகவே அடுத்தமுறை யாராவது மெதுவாகப் போகச் சொன்னால், அவர் பயிற்சியாளரோ, அம்மாவோ, அலுவலக மேலதிகாரியோ, மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். என் மூச்சைப் பார்த்துச் சொல்கிறீர்களா, பார்ப்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்களா? நான் மிச்சம் பிடிப்பது யாருக்குப் போகும்? எந்த இடத்திலிருந்து நான் வேகமாகப் போகலாம்? நல்ல பயிற்சியாளரிடம் மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கும். 32ஆவது கிலோமீட்டர், பாலத்தைத் தாண்டியதும், என்று சொல்லிவிடுவார். பதில் இல்லாதவரிடமிருந்து வரும் ‘மெதுவா’ எவ்வளவு அன்பாகச் சொல்லப்பட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.